நாளைக்கு ஷட்டவுன்: ஆறு போர்ட் சார்ஜரோடு ஒரு மாதம்

எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் ஷட்டவுன் என்பது முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும். பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் மதியம் இரண்டு மணி வாக்கில் வரும், வேலை இழுத்தால் இன்னும் தாமதமாகும். பேப்பரில் ஏரியா பெயரைப் பார்த்ததும் வீட்டில் ஆளுக்கொரு வேலை. அத்தை மறுநாளைக்கான சட்னி, பொடி எல்லாவற்றையும் அன்றே மிக்சியில் போட்டு எடுத்துவிடுவார். மாமா மோட்டார் போட்டுவிட்டு, மேல் டேங்க் நிரம்பிவிட்டதா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் சார்ஜ் போட்டு வைப்பது என் பொறுப்பு.

வீட்டில் ஐந்து பேர். என்னுடைய ஆபீஸ் லேப்டாப், என் போன், கணவரின் போன், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் டேப்லெட், மாமாவின் பழைய மைக்ரோ யூஎஸ்பி போன், ஒரு கிண்டில், ஒரு பவர் பேங்க், அத்தையின் காது மெஷின். காது மெஷின் என்றால் பட்டாணி அளவு பேட்டரி போடுகிற பழைய வகை இல்லை. இரண்டு மெஷினையும் ராத்திரி ஒரு சின்ன டப்பாவில் வைத்து மூடினால் மூன்று நான்கு மணி நேரத்தில் சார்ஜ் ஆகி, மறுநாள் முழுக்க ஓடும். டப்பாவின் பின்னால் டைப் சி ஓட்டை.

இத்தனைக்கும் ஹாலில் இருப்பது ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அடாப்டர்கள் குண்டாக இருப்பதால் ஒன்றைச் செருகினால் பக்கத்து ஓட்டை மறைந்துவிடும். லேப்டாப் சார்ஜரின் செங்கல் தனியாகத் தரையில் கிடக்கும். அதைத் தாண்டிப் போகும்போது மாமா ஒருமுறை கால் தடுக்கி, நல்லவேளையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்தச் சார்ஜர். 100 வாட், மேசை மேல் வைக்கிற பெட்டி, நான்கு டைப் சி, இரண்டு பழைய செவ்வக ஏ போர்ட். சுவருக்கு ஒரே ஒரு வயர். எந்த கம்பெனி என்பதைச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்த பல விஷயங்கள் இந்த வகைப் பெட்டிகளில் நிறையவற்றுக்குப் பொருந்தும்.

வந்த அன்றே எல்லா அடாப்டரையும் கழற்றி ஒரு பையில் போட்டு லாஃப்டில் ஏற்றிவிட்டேன். கூடவே இரு முனையும் டைப் சி உள்ள புதுக் கேபிள்கள் நான்கு வாங்கியிருந்தேன். அத்தையின் டப்பாவையும் அதில் ஒன்றில்தான் மாட்டினேன். மறுநாள் ஷட்டவுன். ராத்திரி ஆறு ஓட்டையும் நிரம்பி, மேசை சுத்தமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை பத்து மணிக்கு அத்தையின் இரண்டு காதிலும் பீப் சத்தம் வந்து மெஷின் நின்றுவிட்டது. ராத்திரி ஒரு துளி சார்ஜ்கூட ஏறவில்லை. முந்தின நாள் மிச்சத்தில்தான் அதுவரை ஓடியிருக்கிறது. கரண்ட் இல்லை. அன்றைக்குப் பார்த்து அத்தையின் தங்கை, எங்களுக்குச் சித்தி, மதுரையிலிருந்து வந்திருந்தார், ஒன்றரை வருஷம் கழித்து. அவர் பேசப் பேச அத்தை முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் சிரித்த பிறகு இவரும் சிரித்தார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மற்றதெல்லாம் சார்ஜ் ஏறியிருந்தது. லேப்டாப் நூறு, டேப்லெட் நூறு, பவர் பேங்க் நான்கு விளக்கும் எரிந்தது. வீட்டிலேயே மிகக் குறைந்த மின்சாரம் கேட்கும் பொருளுக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை.

அவசரத்துக்கு டப்பாவோடு வந்த பழைய கேபிளைத் தேடியெடுத்துப் பவர் பேங்கில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பவர் பேங்க் தானாகவே அணைந்திருந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப அணைந்தது. இப்படியே மதியம் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். சித்தி கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு காதுக்காவது உயிர் வந்தது.

இந்த இரண்டும் ஏன் நடந்தன என்று தெரியாமல் விடக்கூடாது என்று தோன்றியது. அதிலிருந்துதான் இந்த ஒரு மாதச் சோதனை.

முதலில் டைப் சி. பழைய ஏ போர்ட் என்பது திறந்தே கிடக்கும் வாசல். ஐந்து வோல்ட் எப்போதும் அங்கே தயாராக நிற்கும், செருகியதும் ஓடும். 2014இல் வந்த டைப் சி அப்படி இல்லை. சார்ஜரின் சி ஓட்டையில் சும்மா இருக்கும்போது மின்சாரமே இருக்காது. எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கதவு திறக்கும். எப்படித் தெரியும்? கேபிளுக்குள் சிசி என்று தனியாக ஒரு கம்பி இருக்கிறது. கருவியின் பக்கம் அந்தக் கம்பிக்கும் கிரவுண்ட் கம்பிக்கும் நடுவில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைத்திருக்க வேண்டும். சார்ஜர் அந்தத் தடையை உணர்ந்ததும் ஐந்து வோல்ட்டைத் திறந்துவிடும். கதவைத் தட்டுவது போலத்தான். தட்டினால் திறக்கும், தட்டாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வாசலில் ஆள் நிற்பதே தெரியாது.

அத்தையின் டப்பா தட்டவில்லை. ஓட்டை மட்டும் டைப் சி, உள்ளே அந்தத் தடைகள் இல்லை. சில பைசா விலையுள்ள, அரிசியை விடச் சின்ன பொருள். ஏ முனையிலிருந்து சி முனைக்கு வரும் பழைய கேபிளோடு விற்பதால், அதில் வேலை செய்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஏ வாசல்தான் எப்போதும் திறந்திருக்கிறதே, தட்டவே வேண்டாம். விலை குறைந்த டார்ச் லைட், டிரிம்மர், சின்ன ஸ்பீக்கர், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் எனப் பலவற்றிலும் இதே குறை உண்டு. ஆனால் காது கேட்பதற்கான ஒரு பொருளில் இதை விட்டது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எழுபத்திரண்டு வயதுக்காரர் எந்தக் கேபிளில் ஏறும், எதில் ஏறாது என்று நினைவில் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? விற்றவருக்கு விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், ஊருக்குப் போகும்போது உதவும். போனில் பென் டிரைவ் செருகுவதற்காக விற்கிற ஓடிஜி அடாப்டர் இருக்கிறதே, ஒரு பக்கம் சி முனை, மறுபக்கம் ஏ ஓட்டை, அதற்குள்ளே அந்த 5.1 கிலோ ஓம் தடை இருக்கும். அதைச் சார்ஜரின் சி ஓட்டையில் செருகி, அதில் பழைய ஏ கேபிளைப் போட்டால் டப்பாவுக்குப் பதில் அடாப்டர் கதவைத் தட்டிவிடுகிறது. அத்தையின் டப்பா எந்தச் சி போர்ட்டிலும் இப்படி ஏறுகிறது. அவருடைய கைப்பையில் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவைத்துவிட்டேன்.

பவர் பேங்க் அணைந்ததற்குக் காரணம் வேறு. எதிரே போன் நிரம்பிவிட்டதா என்பதைப் பவர் பேங்க் மின்னோட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஓட்டம் மிகவும் குறைந்தால் வேலை முடிந்தது என்று தன்னை அணைத்துக்கொள்ளும். காது மெஷின் எடுப்பதே கொஞ்சம்தான், அதனால் முதலிலிருந்தே "முடிந்தது" போலத் தெரிந்திருக்கிறது. பல பவர் பேங்குகளில் இதற்கென்று குறைந்த மின்னோட்ட வசதி உண்டு. எங்களுடையதில் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். மூன்று வருஷமாக வைத்திருக்கும் பொருளின் கையேட்டை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன்.

சரி, சோதனைக்கு வருகிறேன். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை போய் இரண்டு யூஎஸ்பி மீட்டர் வாங்கினேன். கட்டை விரல் அளவு. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப், இதுவரை எத்தனை வாட் மணி போனது என்று சின்னத் திரையில் காட்டும். சுவர் பக்கம் அளக்க, பிளக்கில் செருகும் மீட்டர் ஒன்றைத் தம்பியிடம் கடன் வாங்கினேன்.

தனித்தனியாகப் பார்த்தபோது சார்ஜர் சொன்னதைச் செய்தது. முதல் சி போர்ட்டில் லேப்டாப் 20 வோல்ட்டில் 3 ஆம்ப் எடுத்தது, அதாவது 60 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. லேப்டாப்பின் சொந்தச் சார்ஜர் 65 வாட். மீதி ஐந்து எங்கே என்றால், கேபிளில். சாதாரணச் சி கேபிளுக்கு 3 ஆம்ப்தான் எல்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால் கேபிளின் முனைக்குள் "நான் 5 ஆம்ப் தாங்குவேன்" என்று சொல்லும் சில்லு இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேபிளைப் போட்டதும் 64 வாட் வந்தது. அந்த நான்கைந்து வாட்டுக்காக விலை கூடிய கேபிள் வாங்கத் தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

கணவரின் போன்தான் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. சாம்சங் போன்களின் 25 வாட் வேகத்துக்குப் பிபிஎஸ் என்ற வசதி சார்ஜரில் இருக்க வேண்டும். 2017இல் வந்தது. இதில் போன் தனக்கு வேண்டிய வோல்ட்டைச் சிறுகச் சிறுகக் கேட்டு வாங்குகிறது, 20 மில்லி வோல்ட் படியாக. இரண்டாவது சி போர்ட்டில் மீட்டர் 8.5, 8.6 என்று நகர்ந்துகொண்டே இருந்தது, 21 வாட் போனது. அதே போனை மூன்றாவது சி போர்ட்டில் போட்டால் 9 வோல்ட்டில் நிலையாக நின்று 14 வாட்தான். ஓட்டை ஒரே மாதிரி, ஒரே வரிசை, ஆனால் ஒன்றில் அந்த வசதி இருக்கிறது, பக்கத்தில் இல்லை. பெட்டியின் முகப்பில் அதற்கு அடையாளம் ஏதும் கிடையாது.

என் போனின் விளம்பரத்தில் 67 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அதனுடைய சொந்தச் சார்ஜரும் சொந்தக் கேபிளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தனி பாஷையில் மட்டும். இங்கே அது பொதுப் பாஷையில் 17 வாட் வாங்கியது. ஐம்பது நிமிடத்தில் நிரம்புவது ஒரு மணி நாற்பது நிமிடம் ஆனது. எனக்கு அது போதும். கிண்டில் ஐந்து வாட். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இந்தப் பொதுப் பாஷைக்கு யூஎஸ்பி பவர் டெலிவரி என்று பெயர். எனக்கு இது டிபன் கடையை ஞாபகப்படுத்துகிறது. உட்கார்ந்ததும் சர்வர் வந்து "இட்லி, பொங்கல், வடை, பூரி" என்று மளமளவென்று ஒப்பிப்பார் அல்லவா? அதேபோலச் சார்ஜர் முதலில் தன்னிடம் இருப்பதைச் சொல்கிறது: 5 வோல்ட் 3 ஆம்ப், 9 வோல்ட் 3 ஆம்ப், 15 வோல்ட் 3 ஆம்ப், 20 வோல்ட் 5 ஆம்ப். கருவி அதில் ஒன்றைக் கேட்கிறது. சார்ஜர் சரி என்கிறது. அதன் பிறகே வோல்ட் ஏறுகிறது. அந்தச் சிசி கம்பியில்தான் இந்தப் பேச்சு முழுவதும் நடக்கிறது. நோக்கியா சின்ன பின், தடி பின் என்று அலைந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் பத்துத் தலை சார்ஜர் வாங்கிய தலைமுறைக்கு இது பெரிய மாற்றம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில், 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியது. எங்கள் தெருவிலிருந்தும் இரண்டு பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். ஆலை மூடிக் கிடந்த அந்த இடத்தைப் பின்னால் வாங்கியது சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

தனியாகப் பார்த்தது போதும் என்று நிறுத்தியிருந்தால் நல்ல சார்ஜர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். வீடு அப்படி நடப்பதில்லையே. ராத்திரி ஒன்பதரைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில்தான் வருவோம்.

பெட்டியோடு வந்த சின்னத் தாளில், எத்தனை ஓட்டை நிரம்பினால் எதற்கு எவ்வளவு என்று எறும்பு அளவு எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. முதல் போர்ட் மட்டும் என்றால் 100. முதலும் இரண்டாவதும் என்றால் 65, 30. ஆறும் நிரம்பினால் முதல் போர்ட்டுக்கு 45, இரண்டாவதற்கு 20, மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து 15, இரண்டு ஏ போர்ட்டும் சேர்ந்து 15. கூட்டினால் 95. பந்தியில் ஆள் கூடக் கூட இலையில் விழுவது குறைவது நியாயம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் "சேர்ந்து 15" என்பதற்கு என்ன அர்த்தம் என்பது அளந்தபோதுதான் புரிந்தது.

மூன்றாவது சி போர்ட்டில் கணவரின் போன் 9 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவதில் கிண்டிலைச் செருகியதும் போன் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. கிண்டில் கேட்டதோ வெறும் ஐந்து வாட், போனுக்கு வந்தது எட்டு வாட். காரணம், அந்த இரண்டு ஓட்டைக்கும் உள்ளே ஒரே மின்மாற்றுச் சுற்றுதான். ஒரு சுற்றில் ஒரு நேரத்தில் ஒரு வோல்ட்தான் வரும். ஒருவர் ஒன்பது கேட்டு, இன்னொருவர் ஐந்து கேட்டால், இருவருக்கும் பொதுவான ஐந்தைத்தான் கொடுக்க முடியும். ஒரே அடுப்பில் ஒருவருக்குத் தோசையும் ஒருவருக்கு இட்லியும் ஒரே நேரத்தில் வராது. இரண்டு ஏ போர்ட்டுக்கும் அப்படியே. தனித்தனி சுற்று வைத்தால் விலையும் பெட்டியின் அளவும் கூடும், அதனால் இப்படிச் செய்கிறார்கள். ஆனால் எந்தெந்த ஓட்டைகள் ஒரே சுற்று என்று முகப்பில் ஒரு கோடு போட்டுக் காட்டியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. புதிதாக ஒருவர் வந்தால் சர்வர் மற்றவர்களிடம் போய் "பொங்கல் தீர்ந்துவிட்டது, வேறு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். பவர் டெலிவரியில் மின்சாரத்தை நிறுத்தாமலே புதுப் பட்டியலை அனுப்ப வழி இருக்கிறது. என் சார்ஜர் அப்படிச் செய்யவில்லை. எந்த ஓட்டையில் எதைச் செருகினாலும், எதைப் பிடுங்கினாலும், மற்ற எல்லாம் ஒரு வினாடிக்கு மேல் அணைந்துவிட்டுத் திரும்ப வருகின்றன.

போனுக்கு இது பெரிய தொந்தரவில்லை, அதற்குள் பேட்டரி இருக்கிறது. ஆனால் பிளக் பாயிண்ட் மிச்சப்படட்டும் என்று, 5 வோல்ட்டை 12 ஆக்கும் கேபிள் ஒன்றை வாங்கி வைஃபை ரவுட்டரையும் இதிலேயே போட்டிருந்தேன். ரவுட்டருக்குப் பேட்டரி இல்லை. மகளுக்குக் கணக்கு ஆன்லைன் டெஸ்ட். நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது மாமா தன் போனைக் கொண்டுவந்து பக்கத்து ஓட்டையில் செருகினார். ரவுட்டர் அணைந்து, திரும்ப எழுந்து, இணையம் பிடிக்க மூன்று நிமிடம் ஆனது. அவள் அழுதுகொண்டே எழுதி முடித்தாள். மாமாவுக்கு அது தன் தவறு என்றே பட்டது. "ஏம்மா, நான் சார்ஜ் போட்டதாலயா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். அவர் தவறே இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் அன்றைக்கு முழுக்க அவர் மனசு ஆறவில்லை. அடுத்த ஒரு வாரம், போனைச் செருகுவதற்கு முன்னால் வந்து அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சார்ஜர் வீட்டுப் பெரியவரை இப்படித் தயங்க வைக்கக்கூடாது.

ரவுட்டர் அன்றே அதன் சொந்த அடாப்டருக்குத் திரும்பிப் போனது. இடையில் பேட்டரி இல்லாத எதையும், ரவுட்டரோ கேமராவோ எதுவானாலும், பல போர்ட் சார்ஜரில் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். ஒரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொன்றைச் செருகினால் போதும். முதல் போன் 'டிங்' என்று சத்தம் போட்டால் அது அணைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாமாவின் போனுக்கு இன்னொரு கதை. அது சார்ஜ் ஏற ஆறு மணி நேரம் ஆகும், போன் பழசு என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மீட்டரில் பார்த்தால் 0.45 ஆம்ப்தான் போகிறது. வேறொரு கேபிளை மாற்றியதும் 1.3 ஆனது. போனில் ஒரு கோளாறும் இல்லை. கேபிளின் மேல் பொடி எழுத்தில் கம்பியின் தடிமன் அச்சிட்டிருக்கும், ஏடபிள்யூஜி என்று ஒரு எண்ணோடு. வேட்டி நூல் கவுண்ட் போலத்தான், எண் கூடக் கூட இழை மெலியும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 28ஆம் எண் கம்பியில் போகவும் வரவும் சேர்த்துச் சுமார் 0.43 ஓம் தடை. 2 ஆம்ப் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும், 5 வோல்ட்டில் இது பெரிய பங்கு. போன் தனக்கு வரும் வோல்ட் தாழ்வதைப் பார்த்துத் தானே குறைவாக எடுக்கத் தொடங்கும். 24ஆம் எண் கம்பி என்றால் இழப்பு 0.34 வோல்ட்தான். பல கேபிள்களில் 28, 24 என்று இரண்டு எண்ணும் இருக்கும், தகவல் கம்பிக்கு ஒன்று, மின் கம்பிக்கு ஒன்று. 2சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது மின் கம்பியின் எண், அது சின்னதாக இருக்க வேண்டும். ரிச்சி தெருக் கடையில் நான் கேபிளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்ததைப் பார்த்து, கடைக்காரர் உள்ளே போய் வேறு கட்டு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அதில்தான் 24 இருந்தது. இந்த ஒரு மாதத்தில் நான் செலவழித்ததிலேயே அதிகப் பயன் தந்தது அந்தக் கேபிள்தான்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது சென்னை. 100 வாட் இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் அடங்குவதற்குக் காரணம், உள்ளே சிலிக்கானுக்குப் பதில் இருக்கும் கேலியம் நைட்ரைடு என்ற பொருள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை நேர்திசை மின்சாரமாக்கி (டிசி), அதை வினாடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி ஒரு மின்மாற்றி வழியாக அனுப்புவதுதான் எல்லாச் சார்ஜரின் வேலையும். வெட்டும் வேகம் கூடினால் மின்மாற்றி சின்னதாகலாம். சிலிக்கான் அந்த வேகத்தில் வெட்டும்போது அதிகம் சூடாகும், இது அவ்வளவு ஆகாது. ஆனாலும் சூடே ஆகாது என்பதில்லை. அறை 34 டிகிரி இருந்த ஒரு மதியம், டிவி பக்கத்தில் புத்தகங்களுக்கு நடுவே பெட்டியை வைத்து முழுச் சுமையில் ஓட்டினேன். மல்டிமீட்டரோடு வந்த வெப்ப முனையை மேலே ஒட்டியிருந்தேன். ஐம்பது நிமிடத்தில் மேல்பக்கம் 67 டிகிரி, லேப்டாப்புக்குப் போவதைச் சார்ஜரே குறைத்துவிட்டது. அதே பெட்டியை வெறும் மேசையில் நிமிர்த்தி வைத்து, மின்விசிறி ஓடும்போது பார்த்தால் 56தான், குறைக்கவும் இல்லை. தலையணைப் பக்கம், துணிக்குக் கீழே, மர அலமாரிக்குள் வைப்பவர்கள் தயவுசெய்து வெளியே எடுத்துவிடுங்கள்.

ஆறையும் செருகி ஒன்றன் பின் ஒன்றாக அளந்து கூட்டியதில் வெளியே போனது சுமார் 83 வாட். சுவரில் 93. பத்து வாட் சூடாகிப் போகிறது. பத்தில் ஒன்பது பங்கு வேலைக்குப் போவது நல்ல கணக்குதான்.

லேப்டாப்பின் உலோக மூடியில் கை வைத்தால் ஜிவ்வென்று ஒரு நடுக்கம் வருகிறதே, அதையும் பலர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பின் வயர் வைத்த சார்ஜரில், உயர் மின் பக்கத்துக்கும் நமது பக்கத்துக்கும் நடுவில் மின் இரைச்சலை அடக்க ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும். அதன் வழியாகக் கசிவதுதான் அந்த நடுக்கம். ஒழுங்கான சார்ஜரில் இதற்கு மிகக் குறைவான வரம்பு உண்டு, ஆபத்தில்லை. ஆனால் அந்த மின்தேக்கியைத் தரமில்லாததாகப் போட்ட போலிச் சார்ஜரில் அது உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் கொடுக்கும் பதிவு எண்ணைப் பார்க்க வேண்டும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய பெயரில் என்ன பொருளுக்குப் பதிவு என்று வந்துவிடும். நான் என் பெட்டியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. லாஃப்டில் போட்ட பழைய அடாப்டர்களில் இரண்டில் எண்ணே இல்லை. அவற்றை மின்கழிவுக்குக் கொடுத்துவிட்டேன்.

கரண்ட் பில் ஏறுமோ என்று மாமா ராத்திரி எழுந்து போனைப் பிடுங்குவார். அவருக்காக ஒரு கணக்குப் போட்டேன். 5000 மில்லி ஆம்ப் மணி பேட்டரி ஏறக்குறைய 19 வாட் மணி. இழப்பெல்லாம் சேர்த்துச் சுவரிலிருந்து 25 என்று வைத்தாலும், தினமும் முழுதாக ஏற்றினால் வருஷத்துக்கு ஒன்பது யூனிட். தாளில் எழுதிக் காட்டியதும் "ஒரு வருஷத்துக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். இப்போது பிடுங்குவதில்லை.

இந்த மாத ஷட்டவுன் நாளை. அறிவிப்பு வந்ததும் பெட்டியின் முகப்பில் வெள்ளை டேப் ஒட்டி, மகள் தமிழில் எழுதிவிட்டாள். முதல் சி லேப்டாப். இரண்டாவது கணவரின் போன், அதில்தான் பிபிஎஸ் இருக்கிறது. மூன்றாவது டேப்லெட். நான்காவதில் என் போன் அல்லது கிண்டில், ஆனால் டேப்லெட் நிரம்பிய பிறகுதான். வலது ஏ ஓட்டையில் "தாத்தா" என்று எழுதி, 24ஆம் எண் கேபிளை நிரந்தரமாகச் செருகியிருக்கிறோம். அவர் எப்போது வேண்டுமானாலும் போடலாம், யாரையும் கேட்க வேண்டாம். இடது ஏ ஓட்டையில் "பாட்டி காது". அந்தக் கேபிளின் இரு முனையிலும் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறேன், வேறு எதற்கும் அதை யாரும் எடுக்கக்கூடாது.

ராத்திரி பத்தேகாலுக்கு அத்தை இரண்டு மெஷினையும் கழற்றித் துணியால் துடைத்து, டப்பாவில் வைத்து மூடினார். கழற்றிவிட்டால் அவருக்குக் கேட்காது. அதனால் மேசையைக் காட்டிக் கையால் "பாரு" என்று சைகை செய்தார். மீட்டரைக் குனிந்து பார்த்தேன். 5.1 வோல்ட், 0.2 ஆம்ப். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். டப்பாவின் பச்சை விளக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். நாளை காலை பத்தரைக்குச் சித்தி மதுரையிலிருந்து போன் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.